பதினொன்றாவது கேள்வி

கொழும்பிலிருந்து வந்த படிவத்தில்
பதினொன்றாவது கேள்வி:
மூன்றாம் வளைவு ஏன் இத்தனை ஒடுக்கம்?
விடைக்கு விட்ட இடம் ஒரு விரலளவு.

நான் நேரம் எடுக்கிறவள்.
கையில் மணிக்கூடு, மடியில் கொப்பி,
காதில் பஞ்சு.
வளைவுகளைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கக் கூடாது.

கள்ளியோடை வெளியில் முதல் ஓட்டம்
அறுபத்துநாலில், சோளகம் எழும்ப முந்தி.
தார்ப் பீப்பா பன்னிரண்டு, சுண்ணாம்பு ஒரு சாக்கு,
ஒஸ்ரின் மூன்று, மொறிஸ் மைனர் ஒன்று,
பருத்தித்துறைப் பேதுருப்பிள்ளையின்
பக்கப்பெட்டி கழற்றிய பி.எஸ்.ஏ.
பாதையை ஒருவரும் கீறவில்லை.
உப்புக் காய்ந்து இறுகின இடத்தால் ஓடினார்கள்,
சேறு கண்ட இடத்தில் திரும்பினார்கள்.
முதலாம் வளைவு அப்படி வந்தது,
சேற்றுக்குப் பயந்து.

இரண்டாவது, ஒரு வழக்கால் வந்தது.
திரவியநாதன் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்த காணியில்
மைத்துனருக்கு நாலு பரப்பு உரித்தாம்.
பதினொரு வருசம் நடந்தது வழக்கு.
தீர்ப்பு வரும்வரை வேலியைச் சுற்றி ஓடிப் பழகிவிட்டார்கள்.
வேலி போய் எத்தனையோ காலம்;
இல்லாத கதியால்களுக்கு
இன்றைக்கும் பிரேக் பிடிக்கிறார்கள்.

பிறகு கொப்பியில் வெறுந் தாள்கள்.

பெற்றோல் போத்தலில் வந்தது, பிறகு சிரிஞ்சில்,
பிறகு வரவே இல்லை.
மண்ணெண்ணெயில் ஓடப் பழகின எஞ்சினுக்கு
கிளப்ப மட்டும் சொட்டு விடுவோம்,
சளிபிடித்த குழந்தையின் மூக்கில் விடுவதுபோல.
எங்கள் மொறிஸ் மந்திகை ஆஸ்பத்திரிக்கு
லைற் போடாமல் ஓடிய ஓட்டத்துக்கு
நேரம் எடுக்க ஆளில்லை.
தம்பி பின் இருக்கையில் பிறந்தான்,
இரண்டாம் கியரில்.

வெளியை யார் யாரோ பிடித்தார்கள், விட்டார்கள்,
திரும்பவும் பிடித்தார்கள்.
போகும்போது ஒவ்வொருவரும்
மண்ணுக்குள் எதையோ வைத்துவிட்டே போனார்கள்.

மூன்றாம் வளைவு கிடக்கிற நாற்பத்தொரு மீற்றரை
முழங்காலில் கடந்தவள் தர்சிகா.
முகத்துக்குக் கண்ணாடி மூடி, நெஞ்சுக்குக் கவசம்,
கையில் தோட்டக்காரனுடையதைப் போல ஒரு சின்னக் கரண்டி.
நாளுக்கு ஒரு பாய் அகலம்.
மழை நாளில் அதுவும் இல்லை.
இடப்பக்கம் சிவப்புத் தடி, வலப்பக்கம் வெள்ளை.
ஏழாம் மாதம் நிறுவனத்துக்குக் காசு முடிந்தது.
அவள் நட்ட கடைசி வெள்ளைத் தடியோடு
தாரும் நின்றது.
மிச்ச நிலத்தை வேறு ஆட்கள் பிறகு துப்புரவாக்கினார்கள்,
அதற்குள் தார் இறுகிவிட்டது.

இப்போது பெடியள்
அந்த நாற்பத்தொரு மீற்றரை
இரண்டு செக்கனில் முடிக்கிறார்கள்.
"அகட்டித் தாங்கோ அக்கா, சரிக்கேலாமல் கிடக்கு"
என்கிறான் நிரோஜன், தலைக்கவசத்துக்குள்ளிருந்து.
தர்சிகா வருவாள், மகனோடு.
சனமெல்லாம் வண்டியைப் பார்க்கும்,
அவள் நிலத்தைப் பார்ப்பாள்.
சோடாப் போத்தல் உருண்டு புல்லுக்குள் போனால்
எடுக்கப் போகமாட்டாள்,
மகனையும் விடமாட்டாள்.

விரலளவு இடத்தில் எழுதினேன்:
"நில அமைப்புக் காரணமாக."
முத்திரை ஒட்டி அனுப்பினேன்.

பிறகு சாதனைப் பலகைக்குப் போனேன்.
மேலே நிரோஜன், ஒரு நிமிசம் பதினாலு செக்கன்.
அடியில், சோக்குக் கட்டியால்:
மூன்றாம் வளைவு மட்டும். தர்சிகா.
ஏழு மாதம், நாலு நாள்.

சங்கத்தார் அழிக்கச் சொன்னார்கள்.
மாரி வருகிறதுதானே, அது அழிக்கட்டும் என்றேன்.

மாரி வந்தது, அழித்தது.
நெல்லியடிக்குப் போய்
பெயின்ற் வாங்கி வந்தேன்.